திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி வாங்கப்படும் பணம்



பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் நம் வீடுகளில் கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு என்று பேச்சு தொடங்கிவிடும். வாப்பா, உம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று 12 பேர், 14 பேர் ஒரு வேன் பிடித்துக் கிளம்புவோம். இத்தனை பேருக்கு ஓட்டலில் ஐந்து அறை போடுவதைவிட ஒரு தனி வீடு கிடைத்தால் நமக்கு வசதி. சமையலறை இருந்தால் ஹலால் சாப்பாடு தேடி அலைய வேண்டாம். பெண்கள் கூச்சமில்லாமல் நடமாடலாம். சேர்ந்து தொழ ஒரு கூடம் இருக்கும். அதனால்தான் நாம் 'தனி காட்டேஜ், கிச்சனுடன்' என்று இணையத்தில் தேடுகிறோம். அப்படித் தேடுபவர்களைக் குறிவைத்தே பொய் விளம்பரம் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது.

இந்த மோசடியைப் பற்றிப் பொதுவாக எல்லோரும் சொல்வது, 'முன்பின் தெரியாதவனுக்கு அட்வான்ஸ் அனுப்பாதே' என்பது. அது சரிதான், ஆனால் போதாது. ஏனென்றால் அட்வான்ஸோடு போவது பெரும்பாலும் சிறிய தொகை. பெரிய தொகை போவது அதற்குப் பிறகு. அது எப்படி என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

வலை எங்கே விரிக்கப்படுகிறது

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு காட்டேஜின் பெயரில் பக்கம் தொடங்க ஐந்து நிமிடம் போதும். படங்களை வேறு எங்கோ இருக்கும் உண்மையான வீட்டின் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். வீடு உண்மை, படம் உண்மை, விளம்பரம் செய்பவன் மட்டும் பொய். சில சமயம் உண்மையான ஓட்டலின் பெயரிலேயே போலி இணையதளம் இருக்கும். கூகுள் மேப்பில் ஓர் இடத்தின் தொலைபேசி எண்ணைத் திருத்தும்படி யார் வேண்டுமானாலும் பரிந்துரை அனுப்பலாம். அந்த வழியாகத் தங்கள் எண்ணை உள்ளே நுழைத்துவிடுபவர்களும் உண்டு. ஆகவே 'மேப்பில் பார்த்துத்தான் போன் செய்தேன்' என்பது மட்டும் ஒரு பாதுகாப்பு ஆகாது.

வாடகை எப்போதும் ஊர் நிலவரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவாக இருக்காது. சீசனில் 12,000 ரூபாய் சொல்லும் வீட்டை 6,500-க்குத் தருவார்கள். 'இந்த சனி, ஞாயிறு மட்டும் ஒரு பார்ட்டி கேன்சல் ஆகிவிட்டது, அதனால்தான்' என்று காரணமும் தயாராக இருக்கும்.

பேச்சு மிகவும் மரியாதையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் உங்கள் பெயரைப் பார்த்ததும், "அஸ்ஸலாமு அலைக்கும் பாய். நம்ம ஆளுங்க நிறைய பேர் வந்து தங்கிட்டுப் போறாங்க. பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கு. கிச்சன் முழுசா உங்களுக்குத்தான்" என்பான். வடமாநிலத்தில் எங்கோ உட்கார்ந்திருப்பவன் உடைந்த தமிழில் பேசுவான் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தெளிவான தமிழில் பேசி ஏமாற்றவும் ஆள் வைத்திருக்கிறார்கள். சலாம் சொன்னான் என்பதற்காக ஒருவனிடம் விலையை இரண்டாம் முறை கேட்காமல் விடுவது நம் வழக்கம் அல்லவா? அந்த வழக்கத்தை அவனும் அறிந்து வைத்திருக்கிறான்.

5,000 ரூபாய் 37,003 ஆவது

இனி ஓர் உதாரணக் கணக்கு. தொகை ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான்.

இரண்டு இரவுக்கு 13,000 ரூபாய் வாடகை பேசி, முன்பணமாக 5,000 கேட்கிறான். நீங்கள் அனுப்புகிறீர்கள். உடனே ஓட்டல் முத்திரையோடு ஒரு ரசீது வாட்ஸ்அப்பில் வருகிறது. மனம் நிம்மதி அடைகிறது. மாலையில் மீண்டும் அழைப்பு: "பாய், டேமேஜ் டெபாசிட் 8,000 போடணும். செக்-இன் பண்ணினதும் அப்படியே திரும்ப வந்துடும்." திரும்ப வருகிற பணம்தானே என்று அதையும் அனுப்புகிறீர்கள்.

பத்து நிமிடத்தில் அடுத்த அழைப்பு. இந்த முறை 'அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்' என்று வேறு ஒரு குரல். "சார், நீங்க 8,000 அனுப்பிட்டீங்க. எங்க சிஸ்டத்துல கோடு 8,001. ஒரு ரூபாய் வித்தியாசத்துல புக்கிங் ஏறாம நிக்குது. இப்ப 8,001 அனுப்புங்க, பழைய 8,000 ஆட்டோமேட்டிக்கா ரிட்டர்ன் ஆயிடும்." லைனிலேயே இருக்கச் சொல்வான். போனை வைக்க விட மாட்டான். நீங்கள் அனுப்புகிறீர்கள். பழைய பணம் வரவில்லை. இப்போது அவன் குரலில் கோபம் இருக்கும், உங்கள் மீதே. "சார், நீங்க லேட் பண்ணிட்டீங்க. ரெண்டு பேமெண்டும் மாட்டிக்கிச்சு. ரெண்டையும் ரிலீஸ் பண்ண 16,002 போடணும். மொத்தமா திரும்ப வரும்."

5,000, 8,000, 8,001, 16,002. மொத்தம் 37,003 ரூபாய். இதில் முன்பணம் என்று கொடுத்தது 5,000 மட்டும். மீதி 32,003 ரூபாயும் 'திரும்ப வரும்' என்ற ஒரே சொல்லுக்காகக் கொடுத்தது.

படித்தவர்கள்கூட இதில் எப்படி விழுகிறார்கள் என்று கேட்பவர்கள், ஏமாறுகிற அந்த நிமிடத்தில் ஒருவர் எதைச் செய்துகொண்டிருப்பதாக நினைக்கிறார் என்பதைக் கவனிப்பதில்லை. 8,001 அனுப்பும்போது அவர் செலவு செய்வதாக நினைக்கவில்லை. தன் 8,000-ஐக் காப்பாற்றுவதாக நினைக்கிறார். 16,002 அனுப்பும்போது தன் 16,001-ஐக் காப்பாற்றுவதாக நினைக்கிறார். எவ்வளவு அதிகம் போனதோ அவ்வளவு கை நடுங்கும், அவ்வளவு விரைவாக அடுத்ததையும் அனுப்பத் தோன்றும். பணம் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறும் முறை எந்த ஓட்டலிலும், எந்த வங்கியிலும் கிடையாது. கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர ஒரு வியாபாரிக்கு உங்களிடமிருந்து ஒரு ரூபாயும் தேவையில்லை. ஓடிபி தேவையில்லை. நீங்கள் எந்தக் கியூஆர் கோடையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. யுபிஐ-யில் பின் நம்பர் போடுவது பணம் அனுப்பவும் கணக்கு இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் கிடையாது. இந்த ஒரு வரியை வீட்டில் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அவன் போனை வைக்க விடாமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. போனை வைத்தால் நீங்கள் மச்சானிடமோ மகனிடமோ விஷயத்தைச் சொல்வீர்கள். சொன்ன அடுத்த நொடியில் அவர் 'அனுப்பாதீங்க' என்பார். அவனுக்கு நீங்கள் தனியாக இருக்க வேண்டும்.

பின் நம்பர் போடுவதற்கு முன் தெரியும் பெயர்

ஒரு எண்ணுக்கோ கியூஆர் கோடுக்கோ யுபிஐ-யில் பணம் அனுப்பும்போது, பின் நம்பர் கேட்பதற்கு முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் 2025 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. நாம் பெரும்பாலும் தொகையைப் பார்க்கிறோம், பெயரைப் பார்ப்பதில்லை. கொடைக்கானல் காட்டேஜுக்கு அனுப்பும் பணம், எங்கோ இருக்கும் ஒரு தனி நபரின் பெயருக்குப் போகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 'அது எங்கள் கணக்காளர் நம்பர்', 'முதலாளியின் மைத்துனர் நம்பர்' என்பதெல்லாம் பதில் ஆகாது. சிறிய வீட்டு உரிமையாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் வாங்குவது உண்டுதான். அப்படியானால் பேசும் ஆளின் பெயரும் கணக்கில் வரும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா, முதல் முறை கொடுத்த கணக்கும் இரண்டாம் முறை கொடுத்த கணக்கும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் இன்னும் சில வேலைகள். அவன் அனுப்பிய படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே படம் வேறு ஊரில், வேறு பெயரில் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. வீடியோ அழைப்பில் வீட்டு வாசலையும் தெருவையும் இப்போதே காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் 'காலையில் காட்டுகிறேன்' என்றாவது சொல்லிக் காட்டிவிடுவார். மற்றவன் பேச்சை மாற்றுவான். ஓட்டலின் எண்ணை ஒரே இடத்தில் எடுக்காமல் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லலாம். நம் மஹல்லாவில் விசாரித்தால் பெரும்பாலும் யாராவது ஒருவருக்கு அங்கே ஆள் தெரியும். இந்த வழி செலவில்லாதது, இணையத்தைவிட நம்பகமானதும்கூட.

ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வழியாகப் பதிவு செய்தால் பணத்தையும் அதே தளத்துக்குள் மட்டும் கட்டுங்கள். 'ஆப்பில் கட்டினால் கமிஷன் போய்விடும், நேரடியாக அனுப்பினால் 1,000 குறைக்கிறேன்' என்று சொல்பவர் உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பை அந்த 1,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறார். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதிகள் கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு மூன்றிலும் இருக்கின்றன. சமையலறை கிடைக்காது. ஆனால் கழகத்தின் சொந்த இணையதளத்திலேயே பதிவு செய்யலாம், பணம் யாருக்குப் போகிறது என்ற குழப்பம் இருக்காது.

இ-பாஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. 'இ-பாஸ் எடுத்துத் தருகிறோம், ஆளுக்கு 200' என்று கேட்டால் அதுவும் மோசடிதான். அந்தச் சாக்கில் ஆதார் நகலையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். 'இந்த ஆப்பை இறக்கினால் புக்கிங் தெரியும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொடவே கூடாது. அதைப் போனில் ஏற்றிவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபி-யை அவனும் படிப்பான். அதற்குப் பிறகு பணம் எடுக்க உங்களைக் கேட்கவும் மாட்டான்.

பணம் போய்விட்டது. இப்போது?

முதலில் செய்ய வேண்டியது அவனுடன் பேசுவதை நிறுத்துவது. திட்டுவதற்காகக்கூடப் பேச வேண்டாம். நீங்கள் அவனைத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில் பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது கணக்குக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் பிரிந்து போய்க்கொண்டிருக்கிறது.

உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் மோசடி உதவி எண். 2021-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் காவல் துறையும் வங்கிகளும் ஒரே வலைப்பின்னலில் இணைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் தரும் விவரம் பணம் போன வங்கிக்குச் செல்லும். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பார்கள். வேறு வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் பின்னாலேயே போகும். ஏடிஎம்-மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் நிறுத்தி வைக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே இங்கே நாள் கணக்கு இல்லை, நிமிடக் கணக்குத்தான்.

அழைப்பதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் வங்கி, கணக்கு எண், ஒவ்வொரு முறையும் அனுப்பிய தொகை, நேரம், பெற்றவரின் யுபிஐ முகவரி, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய 12 இலக்க யுபிஐ குறிப்பு எண். கூகுள் பே, போன்பே எதுவானாலும் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் இந்த எண் இருக்கும். நான்கு முறை அனுப்பியிருந்தால் நான்கு எண்களும் வேண்டும். வெட்கப்பட்டு ஒன்றை மட்டும் சொல்லி மீதியை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லாத பணத்தை யாரும் தேட மாட்டார்கள். 1930-ல் லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் நேரடியாகப் புகார் பதியுங்கள். போனில் சொன்னவர்களும் அதே நாளில் அங்கே புகாரை முழுமை செய்துவிட வேண்டும். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். அவனுடைய எண், அனுப்பிய ரசீது, கியூஆர் படம், விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள்.

வங்கியில் நீங்கள் கேட்கப் போகும் பதில் மனதை நோகடிக்கும்: "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்." வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டு, வங்கி மீதும் அவர் மீதும் தவறு இல்லாதபோது, 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதைக் காட்டிச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நாமே அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. வங்கியிடமிருந்து நமக்கு வேண்டியது இழப்பீடு அல்ல, புகார் பெற்றுக்கொண்டதற்கான எண்ணும் அடுத்த வங்கிக்கு விரைவான தகவலும்தான்.

சில நாட்கள் கழித்து இன்னொரு அழைப்பு வரக்கூடும். 'சைபர் போலீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தைப் பிடித்துவிட்டோம், விடுவிக்க 2,500 ரூபாய் கட்டணம்.' இதுவும் அதே கூட்டம்தான், அல்லது அவர்களிடமிருந்து உங்கள் எண்ணை வாங்கியவர்கள். காவல் துறை பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் வாங்குவதில்லை.

கணக்கை வாடகைக்குக் கொடுக்கும் பிள்ளைகள்

இதன் மறுபக்கத்தையும் நம் குடும்பங்கள் அறிய வேண்டும். ஏமாற்றுபவன் தன் பெயரில் கணக்கு வைத்திருப்பதில்லை. வேலை தேடும் இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரிடம் 'உன் கணக்கை ஒரு மாதம் கொடு, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, 5,000 தருகிறேன்' என்று வாங்கிக்கொள்கிறான். திரையில் தெரிகிற பெயர் அந்தப் பையனுடையது. போலீஸ் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின்படி ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை. 'எனக்கு ஒன்றும் தெரியாது, நண்பன் கேட்டான், கொடுத்தேன்' என்று நிரூபிப்பதற்குள் பிள்ளையின் படிப்பும் வெளிநாட்டு வேலையும் பாஸ்போர்ட்டும் தடைபட்டு நிற்கும். ஏமாந்தவருக்கு 37,000 ரூபாய் போகிறது. இந்தப் பையனுக்கு 5,000 ரூபாய்க்காகப் பல ஆண்டுகள் போகின்றன. அந்த 5,000 ஹலால் ஆகுமா என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று. புக்கிங் செய்தது மருமகளாக இருக்கலாம், பதினெட்டு வயது மகனாக இருக்கலாம். விஷயம் தெரிந்ததும் 'உன்னிடம் யார் செய்யச் சொன்னது?' என்ற கேள்விதான் முதலில் வாயில் வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர்கள் முதல் 5,000-ஐ மறைக்கிறார்கள், மறைத்ததை யாருக்கும் தெரியாமல் சரிக்கட்டத்தான் அடுத்த 8,001-ஐ அனுப்புகிறார்கள். நகையை அடகு வைத்துக்கூட அனுப்பத் தோன்றும். 'போனது எவ்வளவு, எத்தனை மணிக்கு?' என்று கேட்டுவிட்டு, நீங்களே 1930-ஐ அழையுங்கள். கோபப்பட மறுநாள் நேரம் இருக்கிறது.

பணம் ஏதாவது ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டதாகத் தகவல் வந்தால் அது தானாக உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடாது. சில சமயம் நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். புகார் எண், ஆதார் நகல், நீங்கள் பணம் அனுப்பிய நாளின் வங்கி அறிக்கை, ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவற்றுடன் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குச் சென்று விசாரணை அதிகாரியைப் பாருங்கள். எந்த வங்கியில் எவ்வளவு நிறுத்தப்பட்டுள்ளது என்ற விவரத்தை அவரிடம் பெற்று, நீதிமன்ற உத்தரவு தேவையா என்றும் கேளுங்கள்; தேவை என்றால் அந்த விவரத்தை வைத்து நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும். மனு எழுத வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. நிறுத்தப்பட்ட தொகை 4,000 ரூபாய்தான் என்றாலும் அதைக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் அது உங்களுக்குத் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.